விய வருஷத்து லாரி

அந்தப் பதிவுப் புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டு 1947 என்று இருக்கிறது. மை மங்கியிருக்கிறது, ஆனால் எண்ணில் ஐயமில்லை. உலகப் போரோ 1945இல் முடிந்துவிட்டது. அப்படியானால், கடலூர்-சிதம்பரம் சாலையில் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் இந்த லாரியை ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக ‘யுத்த வண்டி’ என்று சொல்லிவருவது எதை வைத்து?

வண்டியை மறுபடி ஓடவைக்கும் வேலையை வீட்டிலேயே தொடங்கியிருக்கிறார் அக்குடும்பத்துப் பெரியவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாட்டுக்கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை இறக்கி, அதற்குக் கீழே என்ஜினைத் தனியே கழற்றி வைத்திருக்கிறார். என்னை அழைத்தது வண்ணம் கேட்பதற்காக. “தம்பி, இது உளுந்தூர்பேட்டை ஏரோடிரோம்ல ஓடுன வண்டின்னு எங்க தாத்தா சொல்லுவாரு. மிலிட்டரி பச்சை அடிச்சு, முன்னால வெள்ளை நட்சத்திரம் போட்டுடலாங்கிறான் பேரன். நீங்க பார்த்துச் சொல்லுங்க.” பார்த்துச் சொல்வதற்கு முன், இது எந்த வண்டி, எப்போது செய்தது, யாரிடமிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும் என்றேன். “அதுவும் சரிதான்” என்று அரத்தைக் கீழே வைத்தார்.

உளுந்தூர்பேட்டைக் கதை நம்பத்தகாதது அல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களைத் தாக்கின. கிழக்குக் கரை முழுவதும் அச்சம் பரவிய காலம் அது. அந்தப் போர்க்காலத்து விமானத்தளங்களுள் ஒன்று, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த உளுந்தூர்பேட்டை. தளம் இருந்தால் லாரிகளும் இருந்திருக்கும். ஆனால் இருந்திருக்கும் என்பது சான்று ஆகாது.

முதலில், பேசாத சாட்சிகளை விலக்க வேண்டியிருந்தது. ஓட்டுநர் கூண்டு மரத்தாலானது. உள்ளூர்ப் பட்டறையில் பாடி கட்டியது. இராணுவக் கூண்டு எப்போதோ போய்விட்டது. என்ஜின் பெர்க்கின்ஸ் பி6, ஆறு சிலிண்டர் டீசல். 1950களில் பெட்ரோல் லாரிகளை வைத்திருந்தவர்கள் எரிபொருள் செலவுக்கு அஞ்சி இத்தகைய டீசல் என்ஜினை மாற்றிப் பொருத்துவது பரவலான வழக்கம். சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் என்ஜின்களைத் தயாரித்து வந்ததும் அதற்குத் துணையானது. ஆகவே இந்த என்ஜின் வண்டியின் பிற்கால வாழ்க்கைக்குச் சாட்சி, பிறப்புக்கு அல்ல. பித்தளைத் தகடுகள் எல்லாம் பழைய இரும்புக்காரரிடம் போயாயிற்று. எஞ்சியது சேஸும் சக்கரங்களும்.

அளவுநாடாவை முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவுக்குப் பிடித்தோம். 13 அடி 2 அங்குலம், அதாவது 158 அங்குலம். போர்க்காலத்தில் இந்தியாவுக்கு வந்த லாரிகள் பல வகை என்றாலும், இந்த அளவு அவற்றைப் பிரித்துக் காட்டும். அமெரிக்கச் செவர்லே ஒன்றரை டன் நான்கு சக்கர இயக்க லாரிக்கு 145 அங்குலம். அமெரிக்க ஜி.எம்.சி. ஆறு சக்கர இயக்க லாரியில் குட்டை வகைக்கு 145, நெட்டை வகைக்கு 164. கனடாவில் பிரிட்டிஷ் படைகளின் தேவைக்கென வடிவமைத்த இராணுவ வகை லாரிகளில் மூன்று டன் நெட்டை வகைக்கு 158. செவர்லே ஆனால் அதன் பெயர் சி60எல். ஃபோர்டு ஆனால் எஃப்60எல். இதிலுள்ள 60 என்பது அறுபது ஹண்ட்ரட்வெயிட், அதாவது மூன்று டன் சுமை. எல் என்பது நெட்டை.

இத்துடன் மகிழ்ந்துவிடக் கூடாது. குட்டைச் சேஸை வெட்டி நடுவில் சட்டம் சேர்த்து நீட்டுவது நம் பட்டறைகளுக்குப் புதிதல்ல. 145ஐ 158 ஆக்குவது ஒரு வாரத்து வேலை. எனவே இருபுறச் சட்டங்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெல்டிங் தடம் தேடினோம். மூன்று இடங்களில் ஒட்டுத்தகடு இருந்தது. ஆனால் அவை விரிசலுக்கு வைத்த ஒட்டு. தகட்டுக்கு அடியில் சட்டம் தொடர்ச்சியாகவே ஓடியது. குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகள் எல்லாம் ஒரே கை அடித்தவை. நீட்டவில்லை.

அடுத்த தடயம் முன் அச்சில் இருந்தது. முன்சக்கரங்களுக்கு இப்போது விசை போவதில்லை. ஆனால் அச்சின் நடுவே பானைபோல் வீங்கிய டிஃபரன்ஷியல் கூடு அப்படியே இருக்கிறது. உள்ளே பல்சக்கரங்கள் இல்லை. வாய்க்குத் தகரம் வைத்து மூடியிருக்கிறார்கள். மல்லாட்டை மூட்டை ஏற்றி ஓடும் வண்டிக்கு நான்கு சக்கர இயக்கம் எதற்கு? தேவையற்ற பாரம், கூடுதல் எண்ணெய். கழற்றிவிட்டார்கள். அந்தக் காலத்துச் சாதாரண வணிக லாரி எதிலும் இப்படி ஒரு முன் அச்சைப் பார்க்க முடியாது.

சக்கரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். இவ்வகைச் சக்கரம் இரண்டு பாதிகளாகச் செய்து, சுற்றிலும் வரிசையாக போல்ட் முடுக்கிச் சேர்த்தது. அச்சோடு பிணைக்கும் நட்டுகள் உள்வட்டத்தில். பாதிகளைச் சேர்ப்பவை வெளிவட்டத்தில். டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்து நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிரியும், ஆளைக் கொல்லும். அதனால்தான் இராணுவத்தில் அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். பெரியவர் அன்றைக்கு வெளிவட்டத்தில்தான் ஸ்பேனரை வைத்திருந்தார். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே தொட வேண்டும் என்று சொல்லித் தடுத்தேன். நல்லெண்ணெய் விளக்கை அருகே பிடித்துப் பார்த்தபோது, துருவுக்கு அடியில் இரண்டு நட்டுகளின் மடிப்பில் சிவப்பு தெரிந்தது.

பிறகு சேஸ் எண். டீசலில் ஊறவைத்து, துணியால் துடைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் படித்தோம். கனடா ஜெனரல் மோட்டார்ஸ் செய்த இவ்வகைச் செவர்லேக்களில் எண்ணின் முதல் இலக்கம் தயாரிப்பு ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்து வருபவை வகைக் குறியீடு. அதன் பின் வரிசை எண். இவ்வண்டியின் எண்ணும் அந்த அமைப்பில்தான் இருந்தது. முதல் இலக்கம் எங்கள் கண்ணுக்கு 8 போலத் தெரிந்தது. பேரன் 3 என்றான். துருக்குழி ஒன்று 3இன் வாயை அடைத்து 8 ஆக்கியிருக்கலாம். இங்கேதான் பழைய பதிவுப் புத்தகம் கைகொடுத்தது. அதில் சேஸ் எண் பகுதியில் எழுத்தர் தெளிவாக 3 என்றே எழுதியிருக்கிறார். அன்று இரும்பு இவ்வளவு அரிக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 8 என்றால் 1948 ஆக வேண்டும். இந்த இராணுவ வகை லாரிகளின் தயாரிப்பே 1945இல் நின்றுவிட்டது. எனவே 3, எனவே 1943. ஒன்டாரியோ மாநிலத்து ஒஷாவா ஆலையின் செவர்லே. போர்க்காலத்தில் கனடா செய்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளுள் ஒன்று.

அப்படியானால் அதே புத்தகத்தில் ஆண்டு ஏன் 1947? ஒரே ஆவணம் ஒரு கட்டத்தில் மெய்யும் மறு கட்டத்தில் பொய்யும் சொல்லுமா? சொல்லும். எண்ணை எழுத்தர் இரும்பைப் பார்த்து எழுதினார். ஆண்டைக் கேட்டு எழுதினார். போர் முடிந்ததும் மிச்சமான இராணுவப் பொருள்களை இந்திய அரசு ஏலத்திலும் டெண்டரிலும் விற்றது. ‘டிஸ்போசல் சாமான்’ என்று மக்கள் சொன்னது அதைத்தான். கூடாரத்துணி, போர்வை, ஜீப், லாரி எல்லாம் அப்படி ஊருக்குள் வந்தன. அவ்வாறு வாங்கிய வண்டிக்குப் பொதுச் சாலையில் அதுவே முதல் பிறப்பு. 1947 என்பது அந்தப் பிறப்பின் ஆண்டாக இருக்க வேண்டும். இது என் ஊகமாகவே நின்றிருக்கும், கணக்கு நோட்டு கிடைக்காமல் போயிருந்தால்.

அக்குடும்பத்துக்குக் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், ஒரு மண்டி இருந்தது. அதன் நோட்டுகள் பரணில் கிடந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரை போனபோது பல நனைந்து கூழாயின. தப்பியவற்றைக் கரையான் பார்த்துக்கொண்டது. அதிலும் தப்பியதில் ஒன்று தமிழ்க் கணக்குக் குறிகளில் எழுதியது. அவற்றை இன்றைய வாசகருக்குச் சொல்லிவிடுவது நல்லது: ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள்; ௶ பற்று, ௷ வரவு; ௹ ரூபாய்; ௸ மேற்படி.

‘விய ௵ மாசி ௴’ என்று தொடங்கும் பக்கத்தில், பற்றுப் பகுதியில், ‘ஆவடி டிஸ்போசல் லாரி 1க்கு’ என்ற வரி. தொகை இருந்த ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது. அறுபதாண்டுச் சுற்றில் விய வருஷம் 1946 ஏப்ரலில் பிறந்து 1947 ஏப்ரலில் முடிந்தது. அதன் மாசி என்றால் 1947 பிப்ரவரி, மார்ச். பதிவுப் புத்தகத்து ஆண்டோடு இது பொருந்துகிறது. ஆவடியும் பொருந்துகிறது, போர்க்காலத்தில் அங்கே பெரிய படைத்தளவாடக் கிடங்கு இருந்தது.

உளுந்தூர்பேட்டைக் கதை இத்தோடு முடிந்தது என்று எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி, ‘௸ லாரிக்கு ரிப்பேர்’ என்று ஒரு வரியும், அதற்குக் கீழே ‘உ.பேட்டை லாரிக்கு டயர்’ என்று மற்றொரு வரியும் இருந்தன. ஆக, வண்டிகள் இரண்டு. தோப்பில் நிற்பது எது? தாத்தா சொன்னது வேறொரு லாரியைப் பற்றிய உண்மையாக இருக்கலாமே. ‘மேற்படி’ என்பது எந்த வரியைச் சுட்டுகிறது என்று அறிய முந்தைய பக்கம் வேண்டும், அது இல்லை.

விடை டயர் கணக்கில் இருந்தது. உ.பேட்டை லாரிக்கு வாங்கியது ‘750-20 டயர் 6’. ஆவடி லாரிக்குச் சில மாதம் கழித்து வாங்கியது ‘1050-20 டயர் 4’. ஆறு டயர் என்றால் பின்னால் இரட்டைச் சக்கரம். நான்கு என்றால் பின்னாலும் ஒற்றை. கனடா இராணுவ லாரியின் பின்னச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம்தான்; அளவு 10.50-20. தோப்பில் நிற்கும் வண்டிக்கும் அதுவே. ஆகவே இது ஆவடி லாரி. அடுத்த ஆண்டான சர்வசித்துவில், ‘உ.பேட்டை லாரி விற்ற ௷’ என்ற வரியோடு மற்றது கணக்கிலிருந்து மறைகிறது.

அந்த மற்ற லாரியாவது விமானத்தளத்திலிருந்து வந்ததா? அப்படியும் சொல்ல முடியவில்லை. லாரியை அது ஓடும் தடத்தின் பெயரால் அழைப்பது மண்டிக்காரர்கள் வழக்கம். 7.50-20 டயர் அமெரிக்க இராணுவச் செவர்லேக்கு உரியது என்றாலும், சாதாரண வணிக லாரிக்கும் போட்டிருக்கலாம். விமானத்தளத்துக் கதையை நிறுவ இந்த இரு சொற்கள் போதா. தாத்தாவின் வாய்மொழியை ‘நிறுவப்படாதது’ என்ற இடத்தில் வைக்கிறேன். ‘பொய்’ என்ற இடத்தில் அல்ல.

இனி வண்ணம். இராணுவப் பச்சை அடிப்பதற்குச் சட்டமே குறுக்கே நிற்கிறது: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக்கூடாது. 2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதிகளும் இருசக்கர வண்டிகளையும் கார் வகையையுமே கருதி எழுதியவை. லாரிக்கு அதில் இடம் இல்லை. ஆனால் எனக்குச் சட்டத்தைவிடப் பெரிய தடை வேறு. நட்சத்திரத்துக்கு இவ்வண்டியில் ஒரு சான்றும் இல்லை. சேஸின் உட்பக்கத்தில் கையகலம் சுரண்டிப் பார்த்ததில், மேலே நீலம், அதன் கீழே சிவப்பு, அடியில் பழுப்புப் பச்சை. இந்த நீலமும் சிவப்பும் வண்டி இம்மண்ணில் உழைத்த ஆண்டுகளின் ஆவணம். இராணுவத்தில் அது இருந்தது நான்கு ஆண்டுக்குள். ஆலப்பாக்கத்துக்கும் புவனகிரிக்கும் இடையே மூட்டை சுமந்தது அதைவிடப் பல மடங்கு. முழுவதையும் சுரண்டிப் பச்சை பூசினால், உள்ள வரலாற்றை அழித்து இல்லாத வரலாற்றை எழுதியதாகும்.

பெரியவர் ஒப்புக்கொண்டார். பேரனுக்கு வருத்தம்தான். நீலம் அப்படியே இருக்கும். துருவை மட்டும் நிறுத்துவது. பெர்க்கின்ஸ் என்ஜின் உள்ளபடியே ஓடும். முன்கூட்டின் தகர மூடி இருந்த இடத்திலேயே இருக்கும். சுரண்டிய கையகல இடத்துக்குப் பூச்சு இல்லை, தெளிந்த வார்னிஷ் மட்டும்.

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் யார் வீட்டுத் தோப்பிலாவது இப்படி ஒரு பழைய சேஸ் கிடந்தால், இரும்புக்கடைக்கு எடைபோடும் முன் அச்சுக்கு அச்சு அளந்து வையுங்கள். எண்ணைத் துடைத்துப் படம் எடுங்கள். முன் அச்சைக் குனிந்து பாருங்கள். பரணிலுள்ள மண்டி நோட்டுகளைப் போகிக்கு எரிக்காதீர்கள். உ.பேட்டை லாரியை வாங்கியவர் வீட்டிலும் சர்வசித்து வருஷத்து நோட்டு ஒன்று இருக்க வேண்டும்.