அடப்பமும் ஓட்டுச் சீட்டும்

எங்கள் ஊரில் ‘குடிமகன்’ என்றால் நாவிதர் என்று அர்த்தம். அரசியல் சட்டம் வந்து அந்தச் சொல்லை நாட்டுக்கே பொதுவாக்கியது பிறகு. அதற்கு முன் மாயவரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் அது என் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் உரிய பெயர். விடிந்ததும் கத்தி, கத்திரி வைக்கும் அடப்பத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கொல்லைப்புறத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சவரம். கூலி கையில் வராது. அறுப்பு முடிந்து களத்தில் நெல்லாக அளப்பார்கள்.

தாத்தா ஓட்டுப் போட்டதே இல்லை. 1920-ல் நீதிக்கட்சி ஜெயித்த தேர்தலிலும், 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரான தேர்தலிலும் சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. தாத்தாவிடம் காட்டுவதற்கு ஒரு கத்தியும் சாணைக்கல்லும் இருந்தன. அப்பாவுக்கு 1952-ல் ஓட்டு வந்தது. அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். முத்திரை குத்துகிற வேலை கிடையாது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது, மாடு தெரியும். காங்கிரஸின் இரட்டைக் காளைப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்று பின்னாளில் கேட்டேன். “நெல் அளக்கிறவங்க அதுக்குத்தான்டா போடச் சொன்னாங்க” என்றார். அதே நெல்லை விளைவித்த சேரி ஜனங்கள் செங்கொடிச் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். தஞ்சை மாவட்டத்தில் அந்த வருஷம் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் ஜெயித்தார்கள்.

அப்பாவுக்கென்று ஒரு அரசியல் வந்தது 1953-ல். முதல்வர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்தார். மிச்சப் பொழுதில் பிள்ளைகள் தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் கணக்கு கற்றுக்கொள்வான், நான் அடப்பம் தூக்கக் கற்றுக்கொள்வேன். எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் பாதியாகக் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. அதிலிருந்து அப்பாவுக்குக் காமராஜர்தான். பெரியாரும் அவரை ஆதரித்தது அப்பாவுக்கு இரட்டை வசதி. சட்டையின் நிறம் கறுப்பு, ஓட்டு காளைக்கு.

அந்தச் சமயத்தில்தான் அப்பா மாயவரத்துக் கடைத்தெருவில் சலூன் போட்டார். ஒரு கண்ணாடி, கையில்லாத ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. காசு கைக்கு வந்தது, களத்துமேட்டில் காத்திருப்பது நின்றது. பெஞ்சில் ‘விடுதலை’ பத்திரிகை கிடக்கும். 1949-ல் ராபின்சன் பூங்காவில் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்துப் பையன்கள் ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ கொண்டுவந்து போட்டார்கள். படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். மேடைப் பேச்சாலும் சினிமாவாலும் கழகம் வளர்ந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பொய்யில்லை. ஆனால் மேடையில் ஒரு ராத்திரி கேட்டதை ஒரு வாரம் மென்று செரித்த இடம் இந்தப் பெஞ்சுதான். அங்கே மறுத்துப் பேசலாம். நாற்காலியில் இருப்பவர் மட்டும் பேச முடியாது. கத்தி தொண்டையில் இருக்கும்.

பெஞ்சு எல்லோருக்கும் இடம் கொடுத்தது என்று எழுத ஆசைதான். கிராமத்தில் சேரிக்காரர்களுக்கு அப்பா முடி வெட்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. டவுனில் யார் எவர் என்று கேட்பாரில்லை. ஆனால் ஒருநாள் எங்கள் ஊர்ச் சேரியிலிருந்து ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, அப்பா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “மெஷின் ரிப்பேரு, அப்புறம் வாய்யா” என்றார். மெஷின் அவர் கையில்தான் இருந்தது. வந்தவர் எழுந்து போனார். படித்துக்கொண்டிருந்தவன் ‘விடுதலை’யை விட்ட இடத்திலிருந்து படித்தான்.

பெண்கள் அந்தப் பெஞ்சுக்கு வரவே முடியாது. அம்மாவின் பெஞ்சு ரேஷன் கடை வரிசை. 1966-ல் அரிசிக்கு நின்ற நிற்பில் அவள் கட்சி மாறினாள். ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவது லட்சியம், ஒரு படியாவது நிச்சயம் என்று கழகம் சொன்னது. அப்புறம் 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருந்த சுவரொட்டியைப் பார்த்து, சினிமாவே அதிகம் பார்த்திராத அம்மா அழுதாள். எனக்கோ அரிசியும் இல்லை, எம்.ஜி.ஆரும் இல்லை. 1965 இந்தி எதிர்ப்பில் கல்லூரியை விட்டு ஊர்வலம் போனவன் நான். அந்த நாளில் ஓட்டுக்கு இருபத்தோரு வயது வேண்டும்; 1967 தேர்தலின்போது எனக்குச் சரியாக அந்த வயது.

கழகத்தின் கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது அப்பாவுக்குத் தாங்கவில்லை. “உன் கையில கத்தியக் கொடுக்கப் பாத்த மனுசனோட சேந்து நிக்கிறாங்க. நீ அவனுங்களுக்குப் போடுவே?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. பிப்ரவரியில் மூன்று பேரும் ஒன்றாக நடந்து போய் மூன்று காரணத்தோடு முத்திரை குத்தினோம்.

காங்கிரஸுக்கு ஏறக்குறைய 41 விழுக்காடு ஓட்டு, கழகத்துக்கு அதைவிட ஒரு நூல் குறைவு. ஆனால் 234 இடங்களில் கழகத்துக்கு 137. எதிர் ஓட்டு சிதறாமல் பார்த்துக்கொண்ட கூட்டணியின் வேலை அது. அப்பா அருவருத்த அந்தக் கூட்டுதான் ஆட்சியை மாற்றியது. விருதுநகரில் காமராஜர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ரேடியோவில் அதைக் கேட்டதும் அப்பா கடையை அடைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கடை வாசலில் கூட்டம். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், களத்தில் எங்களுக்கு நெல் அளந்தவர், காங்கிரஸ் தோற்றால் மீசையை எடுப்பதாகப் பந்தயம் கட்டியிருந்தார். கடைத்தெரு பார்க்க எடுக்க வேண்டும் என்பது பேச்சு. அதுவரை அவர் சலூன் படி ஏறியவரில்லை. அப்பாதான் அவர் கொல்லைக்குப் போவார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தார்.

“நீயும் காளைக்குத்தானேடா போட்டே?” என்றார் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி.

“ஆமாங்க. ஆடாம இருங்க.”

படிகாரம் தேய்த்து முடித்ததும் அவர் எழுந்து, வழக்கம்போல் வெளியே நடந்தார். அப்பா பின்னாலேயே போய்க் காசு கேட்டார்.