எலி, கொசு, கரப்பான்: கண்ணில் படாத ஆபத்துகள்

கோயம்புத்தூர் நகரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் பலரைப் பலிகொண்ட நோயின் நினைவு அது. அந்நோயைப் பெரும்பாலும் பரப்பியது எலியின் கடி அன்று. எலியின் உடலில் ஒட்டியிருந்த தெள்ளுப்பூச்சி. எலி இறந்ததும் அப்பூச்சிகள் அதை விட்டு நீங்கி, அருகில் இருந்த மனிதரைக் கடித்தன. எனவே வீட்டில் எலிகள் செத்து விழுவது அக்காலத்தில் நிம்மதி தரும் செய்தியாக இல்லை. அபாய அறிவிப்பாகவே இருந்தது.

பிளேக் இன்று இங்குக் காணப்படுவதில்லை. ஆனால் எலிக்காய்ச்சல் உள்ளது. இதன் கிருமியைச் சுமக்கும் எலி நலமாகவே திரியும். அதன் சிறுநீர் கலந்த சேற்றிலோ தேங்கிய நீரிலோ வெறுங்காலுடன் நடப்பவருக்கு ஒரு சிறு கீறல் வழியே கிருமி உட்புகுந்துவிடும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசைவலியும் கண் சிவப்பும் இருந்தால், வயலிலோ தொழுவத்திலோ வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டதும் ஆடுமாடுகளின் மேல் காணப்படும் பெரிய உண்ணியையே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் இதைப் பரப்புவது, எலிகளின் மீதும் புதர்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். கடித்த இடம் வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில், நெருப்பு சுட்டதுபோன்ற கரும்புண் தோன்றலாம். நோயாளியால் அதைத் தாமே காண இயலாமல் போகலாம். உடனிருப்பவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். இப்புண் எல்லோருக்கும் தோன்றுவதில்லை. விரைவில் கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளே போதுமானவை.

மழை மிகுந்த ஊர்களில்தான் டெங்கு வரும் என்பது தவறான எண்ணம். அன்னூர் போன்ற வறண்ட பகுதிகளில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கமே டெங்கு கொசுவுக்கு இடம் தருகிறது. ஏடிஸ் கொசு தன் முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அவை காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிகின்றன. ஆகவே டிரம், சிமெண்ட் தொட்டி, பயன்படுத்தாத ஆட்டுக்கல் ஆகியவற்றை வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். புகை அடித்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி, முட்டையையும் புழுவையும் தொடாது. இக்கொசு வெகுதொலைவு பறப்பதுமில்லை. உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததே.

டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே கவனத்திற்குரியது. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைத் தாங்களாகவே கொடுக்காதீர்கள்.

கரப்பானைப் பற்றி ஒன்று மட்டும். அதன் எச்சமும் உதிர்ந்த உடல்துகள்களும் தூசியில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டும். மூச்சிரைப்பு உள்ள குழந்தையின் படுக்கையறையில் உணவு உண்பதைத் தவிர்க்கவும்.

பூச்சிகளைவிடச் சில வேளைகளில் அவற்றுக்கு வைக்கும் நஞ்சே கொடியது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்துள்ளது. ஆயினும் பழைய குழாய் ஏதேனும் பரணில் கிடக்கலாம். இதை உட்கொண்டவர் முதல் ஓரிரு நாட்கள் நலமாகத் தோன்றலாம். பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. எனவே குழந்தை அதைத் தொட்டு வாயில் வைத்ததாக ஐயம் எழுந்தாலே போதும், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். பசையின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.