பழைய மடிக்கணினியை லினக்சுக்கு மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்தியது. பதிந்துகொண்ட தனிநபர்களுக்குக் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 வசதி இல்லாத மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. இலவசம்தான், ஆனால் கொஞ்சம் கைவேலை கேட்கும்.

லினக்ஸ் என்பது ஒரே மென்பொருள் அன்று. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரலைச் சுற்றிப் பல குழுக்கள் உருவாக்கிய பதிப்புகள் உள்ளன. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை நிறுவியதும் இணைய உலாவி தயாராக இருக்கும். ஆர்ச் லினக்ஸ் வேறு ரகம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் தொடங்க வேண்டும். எது வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் பயனரின் முடிவு. கணினியின் உள்ளே நடப்பதைக் கற்க அது அருமையான வழி. ஆனால், பிள்ளையின் பள்ளி வேலைக்கும் வீட்டுக் கணக்குக்கும் இருக்கும் ஒரே கணினியில் அந்தப் பரிசோதனை வேண்டாம். முதன்முறை மாறுவோருக்கு மின்ட் போதும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் ஓரளவு வசதியாக ஓடும்.

நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மின்ட் கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற செயலி மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். (பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும்.) வைஃபை, ஒலி, கேமரா, அச்சுப்பொறி ஆகியவற்றை அப்போதே சோதித்துவிட வேண்டும். சில வைஃபை சில்லுகளுக்குத் தனி இயக்கி தேவைப்படும். வேகம் சற்று மந்தமாகத் தெரிந்தால் அது பென் டிரைவின் குறை.

அடுத்து, அன்றாட வேலைக்கு எந்த மென்பொருள் தவிர்க்க முடியாதது என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்ட், எக்செல், ஃபோட்டோஷாப் ஆகியவை லினக்சில் நேரடியாக நிறுவக் கிடைப்பதில்லை. லிப்ரே ஆஃபிஸ் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். சிக்கலான அட்டவணைகளும் மேக்ரோக்களும் குலையக்கூடும். வேலோரன்ட் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அது லினக்சில் ஓடாது.

தமிழில் எழுதுவோர் கவலைப்படத் தேவையில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் விசைப்பலகைகள் இரண்டும் கிடைக்கும். பழைய கோப்புகளில்தான் சிக்கல். யுனிகோடு வருமுன் டிஸ்கி போன்ற குறியீடுகளில் தட்டச்சு செய்த ஆலய மலர்களும் சங்க அறிக்கைகளும் அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் குறிகளாகத் தெரியும். விண்டோஸ் இருக்கும்போதே அவற்றை யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும், குறைந்தது எழுத்துருக்களையாவது எடுத்து வைக்க வேண்டும்.

நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் அழிக்கவா என்ற தெரிவு வரும். அதை உறுதிசெய்தால் குடும்பப் படங்கள் உட்பட எல்லாம் போய்விடும். எனவே அதற்கு முன்னரே வெளி வன்தட்டில் நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பக்கூடாது. விண்டோசையும் வைத்துக்கொள்ள விரும்புவோர், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலில் தாளில் குறித்து வைக்க வேண்டும்.

மாறிய பிறகு, மின்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவியை முதல் நாளிலேயே இயக்கிவிடலாம். புதுப்பிப்பு ஏதேனும் கோளாறு செய்தால் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுவர அது உதவும். சொந்தக் கோப்புகளை அது வழக்கமாக நகலெடுப்பதில்லை. வெளி வன்தட்டு அப்போதும் தேவை.