பிளசர் காலம் – 11: கட்டைவிரல்

டெட்ராய்ட். பெல் தீவுப் பாலம். கடுங்குளிர். ஒரு பெண்மணியின் காடிலாக் நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த பைரன் கார்ட்டர் உதவிக்கு இறங்கினார். காரின் மூக்குக்கு முன்னால் குனிந்து ஹாண்டிலைப் பிடித்தார். போன வாரம் அவரை அப்படியே குனிந்த வாக்கில் விட்டுவிட்டு வந்தோம்.

ஒரு சுற்று சுற்றினார். எஞ்சின் உதைத்தது.

அந்த உதை எப்படிப்பட்டது என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு டிரைவர் தாத்தா இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பேட்டரி இறங்கிய ஒரு வாடகைக் காரின் ஹாண்டிலை விளையாட்டாகத் தொட்டேன். திண்ணையிலிருந்து குரல் வந்தது: "டேய், கட்ட வெரல எங்கடா வெச்சினு கீற?"

இறங்கி வந்து காட்டினார். சைக்கிள் ஹாண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலைச் சுற்றி வளைக்கக் கூடாது. ஐந்து விரலும் ஒரே பக்கம். கீழிருந்து மேலே இழுக்கணும்; மேலிருந்து அமுக்கவே கூடாது. அப்போதுதான் எஞ்சின் திருப்பி உதைத்தால் ஹாண்டில் விரல்களை விரித்துக்கொண்டு தானாக நழுவும். கட்டைவிரல் குறுக்கே இருந்தால், விரல் போகும், அல்லது மணிக்கட்டு. தன் வலது கையை நீட்டினார். மணிக்கட்டு எலும்பு ஒரு பக்கமாகக் கோணி, அவரைக்காய்க்குள் விதை துருத்துவதுபோல் துருத்திக்கொண்டிருந்தது. "பிளசரு குட்த்த முத்தம்" என்றார். பிளசர் என்றால் கார்.

காரணம் எளிது. பெட்ரோல் ஆவியை அமுக்கிக்கொண்டு பிஸ்டன் மேலே ஏறும் நேரத்தில், அது உச்சியைத் தொடும் முன்பே தீப்பொறி விழுந்துவிட்டால், வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். ஹாண்டிலும் எதிர்ப்பக்கம் சுழலும். அதைத் தடுக்கத்தான் அந்தக் காலத்து ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் தள்ளிப் பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். பாலத்தில் நின்ற காரில் அதைச் செய்யவில்லை.

ஹாண்டில் கார்ட்டரின் தாடையை உடைத்தது. அவர் சாமானியர் அல்ல. தன் பெயரிலேயே 'கார்ட்டர்கார்' என்று கார் தயாரித்தவர். காயம் முற்றி இறந்துபோனார். இந்தச் சம்பவத்தின் விவரங்கள் வாய்க்கு வாய் மாறும், ஆண்டுகூட மாறும். மாறாத ஒன்று, செய்தி போய்ச் சேர்ந்த இடம். காடிலாக் கம்பெனித் தலைவர், கார்ட்டரின் நண்பர், வெள்ளைத்தாடிக் கிழவர் ஹென்றி லேலண்டின் மேசை.

லேலண்ட் என்றதும் எண்ணூர் வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. போன வாரமே திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நம்ம லேலண்டு கம்பெனி இந்த ஆளுடையதா?" இல்லை, ஐயா. எண்ணூரில் 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ். அங்கே ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டினார்கள். 1955ல் அதன் வாலில் ஒட்டிக்கொண்ட லேலண்ட், இங்கிலாந்தில் லங்காஷயரில் உள்ள ஒரு ஊரின் பெயர். நம் தாடிக்காரர் வேறு, அமெரிக்காவில் வெர்மான்ட்காரர். ஆங்கில எழுத்தில் வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, நான் என்ன செய்ய!

இந்த லேலண்ட் துப்பாக்கித் தொழிலில் வளர்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் வேலை. ஒரு துப்பாக்கியின் விசையைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அப்படியே உட்கார வேண்டும். போர்க்களத்தில் அரம் வைத்து ராவிக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பாடத்தை அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

அதை உலகம் ஒப்புக்கொண்டது 1908ல், லண்டனுக்குப் பக்கத்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில். லண்டன் விற்பனைக் கிடங்கில் இருந்த காடிலாக்குகளில் மூன்றை ராயல் ஆட்டோமொபைல் கிளப்காரர்களே பொறுக்கி எடுத்தார்கள். ஒரு கொட்டகையில் வைத்து மூன்றையும் அக்கக்காகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 உருப்படி. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, பதிலுக்குக் கடைக் கையிருப்பிலிருந்து புதியவற்றைப் போட்டார்கள். இனி மெக்கானிக்குகள் இதைத் திரும்பக் கார்களாக்க வேண்டும். கையில் ஸ்பானரும் திருப்புளியும் மட்டும். அரம் கூடாது.

மூன்று கார்களும் எழுந்து நின்றன. நிறம்தான் வேடிக்கை: சக்கரம் ஒரு வண்ணம், மட்கார்டு வேறு வண்ணம், பொங்கலுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்த மாடு மாதிரி. அந்தக் கோலத்திலேயே ஒவ்வொன்றும் திடலில் 500 மைல் ஓடி முடித்தது. பிரிட்டிஷ் மோட்டார் உலகத்தின் பெரும் பரிசான டீவார் கோப்பை ஒரு அமெரிக்க காருக்குப் போனது.

இங்கே ஒரு நிமிடம் காலத்தைத் தாண்டி நம் பக்கம் வருகிறேன். எந்தப் பாகமும் எந்தக் காருக்கும் பொருந்தும் என்ற அந்தப் பெருமை வடசென்னையில் தலைகீழானது. பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் கடையைக் கட்டியது. இங்கே உற்பத்தி செய்யாமல் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இடமில்லை என்று அரசு முடிவெடுத்த பின், அமெரிக்க கார் வைத்திருந்தவர்கள் அநாதைகளானார்கள். ஸ்பேர் கிடைக்காது. நம் தாத்தா மண்ணடியில் ஒரு தோல் வியாபாரியிடம் ஓட்டிய பிளசரும் அந்த வகை. "பேரு வாயில நொழயாது, கப்பலாட்டம் இருக்கும்" என்பார். அதன் தண்ணீர் பம்ப்பின் ஷாஃப்ட் தேய்ந்தபோது தண்டையார்பேட்டை லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்தார்கள். காலிப்பர் வைத்துப் பார்ப்பது, கடைவது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி கடைவது. இரண்டு நாள். அது அந்த ஒரு வண்டிக்குத்தான் சேரும். அதே மாடல் இன்னொரு வண்டிக்குச் சேராது. லேலண்ட் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் வண்டி ஓடியது. ஜானவாசத்துக்கெல்லாம் வாடகைக்குப் போனது.

சரி, டெட்ராய்டுக்குத் திரும்புவோம். நண்பனைக் கொன்றது தன் கார். லேலண்ட் உத்தரவு போட்டார்: ஹாண்டில் ஒழிய வேண்டும்.

சொல்வது சுலபம். மின்மோட்டாரால் எஞ்சினைச் சுற்றலாம் என்று முன்பே பலர் முயன்றிருந்தார்கள். வேண்டிய மோட்டாரும் பேட்டரியும் காரின் பாதி இடத்தை அடைத்தன. ஓஹையோவில் டேட்டன் நகரத்து ஒரு களஞ்சியக் கொட்டகையில் இதை வேறு கோணத்தில் பார்த்தவர் சார்லஸ் கெட்டரிங். கல்லாப்பெட்டி கம்பெனி ஒன்றில், பொத்தானை அழுத்தினால் இழுப்பறை திறக்கும் மின்மோட்டார் செய்தவர். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி முரட்டுத்தனமாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடலாம். எஞ்சினுக்கும் அதுதானே தேவை? சின்ன மோட்டாரைச் சில நொடிகள் மட்டும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், விளக்குக்கும் மின்சாரம் தரும். 1912 மாடல் காடிலாக் ஹாண்டில் சுற்றத் தேவையில்லாத காராக வெளிவந்தது. இரண்டாவது டீவார் கோப்பையும் வந்தது.

அதே 1912ல் நம் துறைமுகத்தில் என்ன நடந்தது? மார்ச் 1ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ராமானுஜன். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். மணல் மேடிட்டுக்கொண்டிருந்த துறைமுகத்தின் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கே புது வாசல் வைத்தவர். கார்ப் பைத்தியமும்கூட. மதராஸ் நகரப் பதிவேட்டில் எம்.சி. 1 அவருடைய கார்தான். எம்.சி. 3, கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாருடையது. இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர் அவர். 1920ல் ராமானுஜன் கண்மூடியது சேத்துப்பட்டில் அதே செட்டியாரின் வீட்டில். முதல் நம்பர்காரர் மேசை கொடுத்தார், மூன்றாம் நம்பர்காரர் கட்டில் கொடுத்தார். கணக்கு மேதைக்கு ஊர் போட்ட கணக்கு இது.

எம்.சி. 1ன் ஹாண்டிலை யார் சுற்றியிருப்பார்? துரை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. டெட்ராய்டில் முதலாளியே காரை ஓட்டினார், அவர் மனைவி ஓட்டினாள். அவர்களுடைய மணிக்கட்டுக்கு ஆபத்து என்றதும் மூளைகள் கூடி ஸ்டார்ட்டரைக் கண்டுபிடித்தன. மதராஸில் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே இருந்தது. மாதச் சம்பளத்துக்கு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு. அதனால்தான் இங்கே ஹாண்டிலுக்கு ஆயுசு கெட்டி. அம்பாசடரின் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஸ்டெப்னியாக அது எத்தனை காலம் படுத்திருந்தது! லாரியில் கிளீனர் பையனின் முதல் பாடமே அதுவாகத்தான் இருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. வடசென்னை மூட்டை கட்டியது; 'எம்டன்' என்ற சொல்லை நாம் இன்றும் விடவில்லை. அந்த முதல் உலக யுத்தம் டெட்ராய்டை எட்ட இன்னும் மூன்று ஆண்டு ஆனது. 1917ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் லேலண்ட் விமான எஞ்சின் செய்யத் துடித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் 1909லேயே காடிலாக்கை வாங்கிவிட்டிருந்தது. அதன் தலைவர் டூரண்ட் மசியவில்லை. எழுபதைத் தாண்டிய கிழவர் மகனையும் கூட்டிக்கொண்டு, தான் உருவாக்கிய காடிலாக்கை விட்டு வெளியேறினார். புதுக் கம்பெனி தொடங்கினார். 1864ல் தன் முதல் ஓட்டை யாருக்குப் போட்டாரோ, அவர் பெயரையே வைத்தார்: லிங்கன்.

போர் முடிந்தது. விமான எஞ்சின் ஆர்டர் நின்றது. 1920ல் லிங்கன் கார் வந்தது. உள்ளே இருந்த எஞ்சின் அப்பழுக்கில்லாதது. ஆனால் உடம்பை வடிவமைத்தவர் லேலண்டின் மருமகன், பெண்களுக்குத் தொப்பி செய்து பழகியவர். பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மந்தம் வேறு. கடன், அதற்கு மேல் அரசின் வரிக் கோரிக்கை. 1921 நவம்பரில் கம்பெனி கோர்ட்டின் கைக்குப் போனது.

1922 பிப்ரவரி 4. லிங்கன் ஆலையின் வாசலில் ஏலம். கூட்டம் நெரிந்தது. சில நாளில் 79ஐத் தொடப்போகும் கிழவர், தன் ஆலை விலைபோவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது: 80 லட்சம் டாலர். கூட்டம் ஆரவாரம் செய்தது. கிழவரைக் காப்பாற்ற ஒரு புண்ணியவான் வந்துவிட்டான் என்று ஊரே நம்பியது.

அந்தப் புண்ணியவான் இருபது ஆண்டுக்கு முன் தன் பெயரிலேயே இருந்த ஒரு கம்பெனியை விட்டுக் கொதிப்போடு வெளியேறியவர். முதலீட்டாளர்கள் தன் தலைக்கு மேல் ஒரு ஆலோசகரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. அவர் போன பின் அந்தக் கம்பெனிதான் காடிலாக் ஆனது. அந்த ஆலோசகர் ஹென்றி லேலண்ட்.

இப்போது லிங்கனை வாங்கியவர், ஹென்றி ஃபோர்டு.

(தொடரும்)