சிறுப்பிட்டி முதல் புதுக்கோட்டை வரை

ஒரு தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்குச் செல்பவரை உலகம் எளிதில் மதிப்பதில்லை. 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று பழமொழி சொல்லி நகைப்பது ஊர் வழக்கம். ஒரு கந்தோரிற் புகுந்து, அக்கந்தோரிலேயே தலை நரைத்து, உபகாரச் சம்பளத்தோடு வீடு திரும்புவதே நிலையான வாழ்வென்று பெற்றோர் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி வந்துள்ளனர். அப்புத்திமதியில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், ஆசிரியராகவும், பத்திராதிபராகவும், கணக்குச்சாலை உத்தியோகத்தராகவும், வக்கீலாகவும், நீதிபதியாகவும் அடுத்தடுத்து விளங்கிய ஒருவர், அவ்வத்தொழிலிற் பெற்ற பயிற்சி யாவற்றையும் ஒரே பணிக்குத் திரட்டித் தந்தார் என்பதும் வரலாறு. அவர் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை தாமோதரம்பிள்ளை. சி. வை. தாமோதரம்பிள்ளை என்ற பெயரால் தமிழுலகம் அவரை அறியும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையாரிடமும் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் பயின்றார். பின்னர் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய செமினரியிற் சேர்ந்து உயர்கல்வி பெற்றார். ஆங்கிலம், தமிழ் என்னும் இரு மொழிகளோடு கணிதமும் வானசாத்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. பழைய திண்ணைக் கல்வியும் புதிய மேனாட்டுக் கல்வியும் ஒருவரிடத்திலேயே சந்தித்தன. பிற்காலத்தில் அவர் பல துறைகளில் எளிதிற் புக முடிந்ததற்கு இவ்வடித்தளமே முதற்காரணம் எனலாம்.

கோப்பாய் போதனாசக்தி வித்தியாசாலையில் ஆசிரியத் தொழில் தொடங்கிய பொழுது அவருக்கு வயது இருபது. 1854இல், நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். அதன்பின் பேர்சிவல் பாதிரியார் சென்னையில் நடத்திய 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகைக்கு உதவும்படி அழைக்கப்பட்டுக் கடல் கடந்தார். அந்நகரில் 1857ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் பி.ஏ. பரீட்சையில் முதன்முதல் தேறியவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர்.

பட்டம் பெற்றவர் கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிற் சில காலம் கற்பித்தார். பின்பு சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குச்சாலையிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, விசாரணைக் கர்த்தர் பதவியை அடைந்தார். அவ்வுத்தியோகத்தில் இருந்து கொண்டே சட்டம் படித்து, 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். ஏறக்குறைய ஐம்பதாவது வயதில் அரசாங்க சேவையினின்றும் இளைப்பாறி, கும்பகோணத்தில் வக்கீலானார். அதன்பின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதிப் பதவி ஏற்றார். உத்தியோக வரலாறு இவ்வளவே. இதனை மாத்திரம் நோக்கினால், கெட்டிக்காரர் ஒருவர் சம்பளத்தையும் பதவியையும் தேடி ஏணியேறிய கதையாகவே தோன்றும்.

இவ்வுத்தியோகங்களுக்கு ஊடே மற்றொரு வேலையும் நடந்து கொண்டிருந்தது. அது பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றும் வேலை. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இல் எழுத்ததிகாரம், 1892இல் நச்சினார்க்கினியர் உரையோடு சொல்லதிகாரம் என நூல்கள் தொடர்ந்தன.

இவ்வேலை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி, அவருடைய பல தொழிற் பயிற்சியின் பயன் விளங்காது. பனையோலைக்கு ஆயுள் குறைவு. காலந்தோறும் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தாலன்றி நூல் நில்லாது. படியெடுக்கும் வழக்கம் அருகிய காலம் அது. கட்டை அவிழ்த்தால் ஓலையின் ஓரம் நொறுங்கும்; புரட்டினால் முரியும்; எஞ்சியதைச் செல்லும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும். எழுத்தோ, மெய்க்குப் புள்ளி இல்லாதது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோற் காணப்படுவது. செய்யுள் முடிந்து உரை தொடங்கும் இடம் காட்டாதது. ஒரே நூலின் இரண்டு பிரதிகள் ஒத்திருப்பதும் அரிது. ஒன்றில் உள்ள வரி மற்றொன்றில் இராது. எழுதினோன் பிழை எது, புலவன் சொல் எது என்று தெளிய வேண்டும்.

கணக்குச்சாலையிற் பழகியவருக்கு ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இயல்பாயிருக்கும். ஒரு பதிவை மற்றொரு பதிவோடு வைத்து நோக்கி, வேறுபாடு எங்கே புகுந்தது என்று தேடுவதே அத்தொழிலின் உயிர். நீதிமன்றத்திற் பழகியவர் சாட்சிகளை எடைபோட அறிவார். பல சாட்சிகள் ஒன்றையே கூறினும், அவர்கள் எல்லாரும் ஒருவர் வாயிலிருந்தே கேட்டவர்களாயின், அவை பல சாட்சியாகா. ஒரே மூலத்தினின்றும் பெயர்த்தெழுதிய பல ஏடுகளின் நிலையும் அதுவே. பத்திரிகைத் தொழில் அச்சுக்கோப்பு, படி திருத்தல், வாசகரைத் தேடல் ஆகியவற்றைக் கற்பிக்கும். ஆசிரியத் தொழிலோ, கற்போன் எவ்விடத்தில் இடர்ப்படுவான் என்பதை முன்கூட்டியே உணர வைக்கும்.

இவை வெறும் ஊகமல்ல என்பதற்கு அவருடைய பதிப்புரைகளே சான்று. நூலின் காலம், ஆசிரியர், பிரதிகளின் நிலை ஆகியவற்றை ஒரு வழக்கைத் தொடுப்பது போல் அவற்றில் வரிசைப்படுத்துகின்றார். மறுப்போர் கூற்றை எடுத்துரைத்து விடை கூறுகின்றார். ஏடு உதவியவர்களைப் பெயர் சொல்லி நன்றி பாராட்டுகின்றார். வீரசோழியப் பதிப்புரையில் தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாக வகுத்தமையும் குறிப்பிடத்தக்கது. சைவப் பற்று மிக்கவராயிருந்தும், பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தையும் சமணர் இயற்றிய சூளாமணியையும் காத்தளித்தார். நீதிபதிக்கு வேண்டிய நடுநிலை பதிப்பாசிரியரிடத்தும் இருந்தது.

இதனாற் பல தொழில் செய்தலே சிறந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆறுமுகநாவலர் 1848இல் சம்பள உத்தியோகத்தை உதறி, சைவத்துக்கும் தமிழுக்குமே தம்மை முற்றாக ஒப்புவித்தார். பாடசாலை, அச்சியந்திரசாலை, பிரசங்கம் என அவர் செய்தவை பலவாயினும் நெறி ஒன்றே. 1868ஆம் ஆண்டுச் சொல்லதிகாரப் பதிப்பு நாவலராற் பரிசோதிக்கப்பட்டே வெளிவந்தது. உத்தியோகத்தைத் துறந்தவரும் உத்தியோகத்தில் இருந்தவரும் ஒரே நூலிற் கூடி உழைத்தனர். நாவலர் 1879இல் மறைந்த பின்னர், பதிப்புப் பணியின் பெரும்பாரம் தாமோதரம்பிள்ளையின் தோளில் விழுந்தது.

அவர் சென்ற வழிக்கு விலையும் உண்டு. 1868க்கும் 1881க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். கந்தோர் வேலையும் சட்டப் படிப்பும் நிறைந்த அக்காலத்தில் பழந்தமிழ்ப் பெருநூற் பதிப்பு எதுவும் மேற்கூறிய வரிசையில் இல்லை. செல்லும் பூச்சியும் அப்பதின்மூன்று ஆண்டும் ஓய்ந்திருக்கவில்லை. அவருடைய பெருநூல்களுட் பல ஐம்பது வயதுக்குப் பின்னரே வெளிவந்தன. பிழைகளும் நேர்ந்தன. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்று அவர் அச்சிட்டார். இறுதி நான்கு இயல்களுக்கு அதிற் கண்ட உரை பேராசிரியருடையது என்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். எனினும், அவர் அச்சிட்டு வைத்தமையாலன்றோ பிறர் ஆராய்ந்து திருத்தவும் இடமுண்டாயிற்று! ஏடு மண்ணாகியிருப்பின் திருத்துவதற்கும் ஒன்றும் இராது.

தொழில் மாறுவோருக்கு இவ்வரலாற்றிலிருந்து தெளிவான ஓர் உரைகல் கிடைக்கின்றது. புதிய உத்தியோகத்திற் புகும்பொழுது பழைய உத்தியோகத்திற் கற்றதைக் கைவிட்டுப் போகின்றோமா, கையோடு கொண்டு போகின்றோமா என்பதே அது. கைவிட்டுப் போகின்றவன் ஒவ்வொரு முறையும் முதற்படியிலிருந்து தொடங்குகின்றான். ஆண்டுகள் கழியுமேயன்றி அனுபவம் சேராது. கொண்டு போகின்றவனுக்கோ, எதற்காகக் கொண்டு போகின்றோம் என்ற நோக்கம் ஒன்று வேண்டும். இருபத்திரண்டு வயதில் நீதிநெறி விளக்கத்தை அச்சிட்டபோதே தாமோதரம்பிள்ளைக்கு அந்நோக்கம் வாய்த்துவிட்டது. அதன்பின் வந்த பதவிகள் அனைத்தும் அதற்குக் கருவிகளாயின.

1895இல் அரசாங்கம் அவருக்கு ராவ்பகதூர் பட்டம் வழங்கியது. 1901ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி சென்னையில் அவர் காலமானார். அவர் வகித்த உத்தியோகங்களை வரலாற்று மாணவரே இன்று நினைவு கூர்வர். பொருளதிகாரத்தையோ கலித்தொகையையோ விரித்துப் படிக்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த ஐந்து தொழில்களின் பயனையும் ஒருங்கே அனுபவிக்கின்றனர்.