காணாத ஆசானிடம் கற்றல்

காத்திவாக்கத்திலிருந்து எமது அரபுக் கல்லூரிக்கு வந்து ஓதும் மாணவர் ஒருவர், சென்ற ரமழான் விடுமுறைக்கு முன் என்னிடம் வினா ஒன்றை வைத்தார். "ஹஜ்ரத், நஹ்வும் ஸர்ஃபும் கற்றுத் தந்தீர்கள். ஆனால் தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எக்காலத்து ஆசிரியரையும் உஸ்தாதாகத் தேர்ந்துகொள்ளலாம் என்றால், எழுத்துக் கற்க நீங்கள் யாரிடம் போய் உட்காருவீர்கள்?"

சிரித்துக் கடந்துவிடக்கூடிய கேள்விதான். எனினும் இதற்குள் நம் மரபின் பழைய விவாதம் ஒன்று அடங்கியுள்ளது. நேரில் காணாத ஒருவரை ஆசிரியர் எனக் கொள்ளலாமா?

ஹதீஸ் கலையின் அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்; மறைவு ஹிஜ்ரி 643 / கி.பி. 1245), அறிவைப் பெறும் வழிகளை எட்டாக வகுத்தார். ஆசிரியரின் வாய்மொழியைக் காதால் கேட்பது முதல் வழி. எட்டாவதும் கடைசியுமானது 'விஜாதா'. ஒருவரைச் சந்திக்காமல், அவர் எழுதிவைத்ததை ஏட்டில் கண்டெடுத்துக் கற்பது அது. அவ்வாறு கற்றவர் "அவர் எனக்கு அறிவித்தார்" என்று கூறலாகாது. "அவருடைய எழுத்தில் கண்டேன்" என்றே கூறவேண்டும். மாறிச் சொன்னால் அது மறைப்பு, குற்றம். ஏட்டை மட்டுமே ஆசானாகக் கொண்டவர் தடுமாறுவார் என்று நம் முன்னோர் எச்சரித்ததும் உண்மை. ஆயினும் அவர்கள் அவ்வாசலை அடைக்கவில்லை. நேர்மை என்னும் நிபந்தனையோடு திறந்தே வைத்தார்கள். ஆன்மிகத் துறையிலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நேரில் காணாமலே அன்பு செலுத்திய உவைஸுல் கரனீ (ரஹ்) அவர்களின் பெயரால், காணாத குருவிடம் பயன்பெறுவோரை 'உவைஸீ' என அழைக்கும் வழக்கம் உண்டு.

மாணவருக்கு நான் சொன்ன பெயர், அவர் நாளும் ஏறும் மின்தொடர் வண்டியின் பாதையிலேயே இருக்கிறது. காத்திவாக்கத்தில் ஏறினால் விம்கோ நகர், திருவொற்றியூர் கடந்து தண்டையார்பேட்டை வரும். அதை அடுத்த இராயபுரத்தில் அடங்கியிருப்பவர் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்று, திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் ஞான வழி பெற்று, துறவியாக அலைந்து, இறுதியில் வடசென்னையில் தங்கி 1838இல் மறைந்தவர். தொண்டியிலிருந்து வந்த அவரை மக்கள் 'தொண்டியார்' என்றழைத்ததால்தான் அப்பேட்டை அப்பெயர் பெற்றது என்பது செவிவழி வழக்கு.

அவரை நான் தேர்ந்தமைக்குக் காரணம், அவரே காணாத ஆசான்களிடம் கற்றவர் என்பதாகும். அவர் சதகம் பாடிய முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் 1166இல் பக்தாதில் மறைந்தவர்கள். இருவருக்கும் இடையே ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி. தமிழ் யாப்பிலோ அவர் மனம் சென்றது தாயுமானவரிடம். திருச்சிராப்பள்ளியில் நாயக்கர் அரசில் பணியாற்றி, இராமநாதபுரத்தில் அடங்கிய தாயுமானவர், மஸ்தான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்டார். ஆனால் இருவருமே 'பராபரக்கண்ணி' பாடியுள்ளனர். இருவரின் கண்ணிகளும் 'பராபரமே' என்னும் ஒரே விளியில் முடிகின்றன. ஈரடியில் ஒரு முறையீடு, பின்பு அந்த விளி, அவ்வளவே வடிவம். தாம் எடுத்துக்கொண்ட தலைப்பை மஸ்தான் மாற்றவில்லை, கடனை மறைக்கவில்லை. விஜாதாவின் நிபந்தனையை நிறைவேற்றியவர் என்றே இதனைக் கருதுகிறேன்.

பிற சமயத்தவரிடம் கற்பது தகுமா எனச் சிலர் ஐயுறலாம். அரபு மொழியின் வரலாறே அதற்கு விடை கூறும். திருக்குர்ஆனின் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண நம் விரிவுரையாளர்கள் சான்றாகக் காட்டியவை இஸ்லாத்திற்கு முந்தைய அறியாமைக் காலத்துக் கவிதைகளே. உமைய்யா அவையில் விளங்கிய அக்தல் ஒரு கிறிஸ்தவர். அவர் அடிகளும் இலக்கண நூல்களில் சான்றாக நிற்கின்றன. கொள்கைக்கு ஆசான் வேறு, மொழிக்கு ஆசான் வேறு என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

இச்சங்கிலி மஸ்தானோடு முடியவுமில்லை. திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அவருடைய மாணவராகிய ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். தாயுமானவரிடமிருந்து ஒரு முஸ்லிம் பெற்றது, மீண்டும் முஸ்லிமல்லாத புலவர்களின் நாவிலே மணந்தது.

இவற்றைக் கூறியபின் மாணவரிடம் ஒன்றையே வேண்டினேன். நாள்தோறும் ஐந்து கண்ணிகளை வாய்விட்டு ஓதுக. ஓதியபின் ஏட்டை மூடிவிட்டுத் தம் சொந்தச் செய்தி ஒன்றைத் தம் சொல்லிலேயே எழுதுக. மஸ்தானைப்போல் எழுத முயலற்க. ஏனெனில் அவருடைய குரலைத் தம் குரலென்று காட்டுவது, கேளாததைக் கேட்டதாக அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

அவர் முதலில் கொணர்ந்த பக்கம் அரபுச் சொற்களும் அடுக்குமொழிகளுமாய் நிறைந்திருந்தது. எனக்கு அது புதிதன்று. மதரஸாவை விட்டு வந்து முதுகலைத் தமிழ் வகுப்பில் நான் எழுதிய முதற் கட்டுரையும் அத்தகையதே. பெருநாளுக்குப் பின் கொணர்ந்த பக்கத்தில், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டும் அவர் தந்தை இருந்தார். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்ற வண்டியிலேயே ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்த மாலையைப் பன்னிரண்டு எளிய வாக்கியங்களில் எழுதியிருந்தார். அதில் ஒரு கண்ணியின் சாயலும் இல்லை. ஆனால் சுருங்கச் சொல்லி நிறுத்தும் அடக்கம் இருந்தது.

பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: "மஸ்தான் சாகிபின் ஏட்டில் கண்டேன்." நான் திருத்துவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.