திரும்பச் சொல்லாத கணக்கு



மனக்கணக்கு வகுப்பு நினைவிருக்கிறதா? கணக்கை ஒரு முறைதான் வாசிப்பேன். "திரும்பச் சொல்லுங்க சார்" என்றால் பெஞ்சு மேல் ஏற்றுவேன். ஒரு பையன், கரும்பலகையில் எழுதிய கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிடுவான். வாசித்துக் கேட்டால் பாதியில் நின்றுவிடுவான். கவனமில்லை என்று அவனைத்தான் அதிகம் ஏற்றினேன். ஓய்வு பெற்றபின் நினைவாற்றல் ஆராய்ச்சியின் வரலாற்றைப் படித்தபோதுதான் என் தவறு உறைத்தது.

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனம் ஒரே சமயத்தில் பிடித்துவைப்பது ஏறத்தாழ ஏழு என்று எழுதினார். இரண்டு கூடலாம், குறையலாம். பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு ஒன்றாகவே கணக்கு. கைபேசி எண்ணை ஐந்தைந்தாகச் சொல்கிறோமே, அது போல.

இந்தக் குறுகிய கால நினைவு வீட்டுத் திண்ணை மாதிரி, அதில் உட்காராமல் எதுவும் உள்ளே போகாது என்றே பலரும் எண்ணினார்கள். பிறகு பிரிட்டனில் மூளையில் அடிபட்ட ஒருவரை எலிசபெத் வாரிங்டனும் டிம் ஷாலிஸும் ஆராய்ந்தார்கள். கேட்ட எண்களில் ஒன்றிரண்டுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் புதியவற்றைக் கற்று நினைவில் வைத்துக்கொண்டார். திண்ணை இடிந்தும் உள்ளே போக வழி இருந்தது!

1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எண் வரிசையை மனத்தில் வைத்தபடியே வேறு கேள்விக்கு யோசித்து விடை சொல்ல வேண்டும். இருப்பது ஒரே இடம் என்றால் விடை குழம்பியிருக்க வேண்டும். நேரம்தான் கூடியது, தவறுகள் பெரிதாகக் கூடவில்லை. ஆகவே அது ஒரே பெட்டி அல்ல, பல பகுதிகள் கொண்ட பட்டறை. கேட்டதை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்க ஒரு பகுதி. பார்த்ததை வைத்திருக்க ஒரு பகுதி. கவனத்தைப் பங்கிட ஒரு மேற்பார்வையாளர். 2000இல் பேட்லி நான்காவதாக, இவற்றைப் பழைய நினைவுகளோடு கோக்கும் இடம் ஒன்றைச் சேர்த்தார்.

நான் செய்தது என்ன? எல்லாச் சுமையையும் காதின் பக்கமே ஏற்றினேன். இரண்டு எண்களைப் பலகையில் எழுதியிருந்தால் கண்ணும் ஒரு கை கொடுத்திருக்கும்.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, பிள்ளை திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள். எழுதியும் காட்டுங்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, குறை உன்னிடம் இல்லை. மன்னித்துவிடு.